ஆள் குறைந்த ஊருக்கு ஆட்சி வேண்டாமோ?

ஜனத்தொகையைக் கொண்டே அதிகாரத்தையும் பணத்தையும் பங்கிட வேண்டும் என்பது ஜனநாயகத்தின் பொது விதியென்று நாம் அனைவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அவ்விதி பெரும்பாலும் நியாயமானதே. ஆயினும், எவ்வளவு நல்ல விதியானாலும் அதற்குரிய எல்லையைக் கடந்து செலுத்தப்படுமாயின் அநீதியாகவே முடியும். விஸ்தீரணம் பெருத்து, ஜனங்கள் அருகிக் கிடக்கும் கிராமப் பஞ்சாயத்துக்களின் விஷயத்தில் நேர்ந்திருப்பது இதுவேயாகும். வீடுகள் குறைவு, ஆகவே வரி குறைவு. ஓட்டுக்கள் குறைவு, ஆகவே சட்டசபையில் குரல் குறைவு. தலைகள் குறைவு; ஆகவே சர்க்கார் மானியமும் குறைவு. ஆனால் சாலையின் நீளம் குறைவதில்லை. தண்ணீர்க் குழாயின் நீளம் குறைவதில்லை. புயலின் வேகமும் அவ்வூரின் ஜனக்கணக்கைப் பார்த்துக் குறைவதில்லை.

இவ்விஷயத்தை ஆராய்வதற்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது வேதாரணியத்துக்குத் தெற்கே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் கோடியக்கரைப் பிரதேசம். சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள நம் நேயர்களில் சிலர், “மலைகள் சூழ்ந்த நம் சமவெளியில் உட்கார்ந்துகொண்டு கடற்கரையைப் பற்றி நாம் கவலைப்படுவானேன்?” என்று கேட்கக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்லும் முதல் விடை, மேட்டூரில் திறக்கப்படும் காவேரி நீர் எந்தக் கடைமடையை நோக்கி ஓடுகிறதோ, அந்தக் கடைமடை வேதாரணியம் தாலுகா என்பது. மடையின் தலையில் இருப்பவன் கடைமடைக்காரனுடைய கஷ்டத்தை அறியாதிருத்தல் நீதியன்று. இரண்டாவது விடை இதைவிட முக்கியமானது.

1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்கள் கால்நடையாகப் புறப்பட்டு, சுமார் 150 மைல் நடந்து, அம்மாதம் 28-ந் தேதி வேதாரணியம் சேர்ந்து, 30-ந் தேதி உப்புச் சட்டத்தை மீறினார்கள். அப்படையைத் தலைமை வகித்து நடத்திய ஸ்ரீ சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் நம் சேலத்தில் வக்கீலாயிருந்தவர். 1917 முதல் 1919 வரை சேலம் முனிசிபாலிடியின் தலைவராயிருந்தவர். அப்படையினர் பாடிச் சென்ற பாட்டை இயற்றியவர் நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-ல் ராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமத்தில் பணி செய்துகொண்டிருந்த ஸ்ரீ கல்கியே, பிற்காலத்தில் தம் ‘பொன்னியின் செல்வன்’ கதையில் கோடிக்கரையைத் தமிழ்நாடு முழுவதும் அறியச் செய்தவர். ஆகவே, அக்கரைக்கும் நம் சமவெளிக்கும் உள்ள உறவு புதிதாக நாம் கற்பித்ததன்று.

அன்று தஞ்சாவூர்க் கலெக்டராயிருந்த தார்ன் துரை, சத்தியாக்கிரகிகளுக்குச் சோறும் இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று எச்சரிக்கை விடுத்தார். ஜனங்கள் அஞ்சவில்லை. வழியோரத்து மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டதாக அக்காலத்தவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வேதரத்தினம் பிள்ளை போன்ற செல்வாக்குள்ளவர்கள் மட்டுமல்ல, போலீஸ்காரனுக்கு க்ஷவரம் செய்ய மறுத்த வைரப்பன் போன்ற ஏழைத் தொழிலாளியும் அந்த யுத்தத்தில் பங்கெடுத்தான். தேசத்தின் பெரிய பட்டணங்கள் பேசிக்கொண்டிருந்த சுயராஜ்யத்தை, ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் உப்பங்கரை செய்து காட்டிற்று. சுயராஜ்யத்துக்கு ஜனத்தொகை ஒரு யோக்கியதாம்சமாயிருந்திருக்குமானால், வேதாரணியத்துக்கு அன்று வேலையே இருந்திராது.

இனி, அக்கரையின் இன்றைய நிலையைப் பார்ப்போம். வங்காளக் குடாக்கடலும் பாக் ஜலசந்தியும் சந்திக்கும் மூலையில் கோடியக்கரை, கோடியக்காடு என்னும் கிராமங்கள் இருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்து காடும், சதுப்பு நிலமும், உப்பளமும், மணல் மேடுமே பரந்து கிடக்கின்றன. 1967-ல் இங்கே, முக்கியமாக வெளிமான்களைக் காப்பாற்றும் பொருட்டு, வனவிலங்குச் சரணாலயம் ஏற்பட்டது. 2002-ல் சரணாலயமும் அதை அடுத்த சதுப்பு நிலங்களுமாக 38,500 ஹெக்டேர் பரப்பு, ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈர நிலமாக அங்கீகரிக்கப்பட்டது. பனிக்காலத்தில் பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் ஆயிரக்கணக்கில் வந்து தங்குகின்றன. பறவைகளைக் காண அயல் தேசத்தாரும் வருகிறார்கள். தை, ஆடி அமாவாசைகளில் கடலாட யாத்திரிகர்கள் திரளுகிறார்கள். மீன்பிடி பருவத்தில் வேற்றூர்ச் செம்படவர்கள் குடும்பத்தோடு வந்து கரையில் குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்கிறார்கள்.

இத்தனை பேருக்கும் குடிநீர் வேண்டும், விளக்கு வேண்டும், குப்பையை அகற்ற ஆள் வேண்டும், கழிப்பிடம் வேண்டும். இவை யாவும் கிராமப் பஞ்சாயத்தின் கடமைகளாகவே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் மானியம் கணக்கிடும்போது எண்ணப்படுவோர், ஜனக்கணக்கு எடுத்த காலத்தில் அங்கே நிலையாகக் குடியிருந்தவர்கள் மட்டுமே. பருவத்துக்கு வரும் செம்படவனுடைய தலை அவனுடைய சொந்த ஊர்க் கணக்கில் இருக்கிறது. அவன் குடிக்கும் தண்ணீரோ கோடியக்கரைக் கணக்கில் இருக்கிறது. அதிலும், 2021-ல் எடுத்திருக்க வேண்டிய ஜனக்கணக்கு அவ்வருஷத்தில் எடுக்கப்படாமற் போனபடியால், 2011-ம் வருஷத்துத் தலைகளைக் கொண்டே வெகு காலம் பங்கீடு நடந்து வந்திருக்கிறது.

பஞ்சாயத்தின் சொந்த வருமானம் எது? வீட்டு வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம், சில லைசென்ஸுக் கட்டணங்கள், இவ்வளவே. காடு வீட்டு வரி கொடாது. சதுப்பு நிலம் தொழில் வரி கொடாது. உப்பளங்களில் மத்திய சர்க்காருக்குச் சொந்தமானவை எவையோ, அவற்றின் மேல் வரி போட முடியாதபடி அரசியல் சட்டத்தின் 285-வது ஷரத்து குறுக்கே நிற்கிறது. தேசம் முழுவதன் நன்மைக்காகவும், ஏன், உலகத்தின் நன்மைக்காகவும் காட்டையும் பறவையையும் காப்பாற்றுகிறோம் என்கிறார்கள். மிகவும் நல்லது, அதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஆனால் அந்த தர்மத்தின் செலவை அந்தக் கிராமத்தான் ஒருவன் தலையில் கட்டலாமா? விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் அவன் தாராளமாகச் சென்ற இடங்கள் இன்று விதிக்குட்பட்டவை. அதனால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடாக அவனுடைய பஞ்சாயத்துக்கு ஒரு நிலையான தொகை வர வேண்டுமென்பது பிச்சையன்று, பாத்தியதை.

இந்தக் கஷ்டம் கடற்கரைக்கு மாத்திரம் உரியதென்று நம் நேயர்கள் நினைக்க வேண்டாம். நம் ஜில்லாக்களிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கொல்லிமலை ஒன்றியத்தில் வாழவந்திநாடு, அரியூர்நாடு, சேளூர்நாடு என்று நாடுகளின் பெயராலேயே வழங்கும் 14 பஞ்சாயத்துக்கள் இருக்கின்றன. அங்கே ஒரு பஞ்சாயத்து என்பது ஒரு தெருவன்று. பல குன்றுகளில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் தொகுதி. கீழிருந்து ஒரு மூட்டை சிமெண்டு மேலே போக வேண்டுமானால் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். ராசிபுரத்துக்கு அருகிலுள்ள போதமலைச் சிற்றூர்களின் கதை இன்னும் பரிதாபகரமானது. சுதந்திரம் வந்து எழுபது வருஷங்களுக்குப் பின்னும், தேர்தல்தோறும் அதிகாரிகள் வோட்டு இயந்திரங்களைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு மலையேறியதை நாம் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறோம். ஓட்டை எடுத்துப் போகத் தலைச்சுமை கிடைத்தது. நோயாளியைக் கீழே இறக்கத் தூளிதான் கிடைத்தது. அண்மையில் சில வருஷங்களுக்கு முன்புதான் அம்மலைக்குச் சாலை போடப் பெருந்தொகை ஒதுக்கப்பட்டது. தலைக்கணக்கு ஒன்றையே பார்த்திருந்தால் அத்தொகை ஒருநாளும் ஒதுக்கப்பட்டிராது. தேவையைப் பார்த்துப் பணம் கொடுக்க முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

சர்க்கார் இந்த உண்மையை அடியோடு அறியாதவர்கள் என்றும் நாம் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் நிதிக் கமிஷன்கள், ஜனத்தொகை எவ்வளவாயினும் ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை கொடுக்க வேண்டுமென்ற ஏற்பாட்டைச் செய்திருக்கின்றன. அது போற்றத்தக்கது. ஆனால் அத்தொகைக்கு மேற்பட்ட பங்கீட்டில் ஜனத்தொகையே பிரதானமாகி விடுகிறது. மத்திய சர்க்காரின் 14-வது, 15-வது நிதிக் கமிஷன்களும், ஸ்தல ஸ்தாபனங்களுக்கான மானியத்தை ராஜ்யங்களுக்கிடையே பிரிக்கையில், ஜனத்தொகைக்கு நூற்றுக்குத் தொண்ணூறும் விஸ்தீரணத்துக்குப் பத்துமாகவே மதிப்புக் கொடுத்தன. கடலோரமென்றும், மலையென்றும், புயல் வழியென்றும் தனியான மதிப்பு அந்தக் கணக்கில் இல்லை.

இனி எதிர்வாதங்களைக் கவனிப்போம். “இவ்வளவு சிறிய பஞ்சாயத்துக்கள் தனியே இருப்பானேன்? பக்கத்திலுள்ள பெரிய ஊரோடு சேர்த்துவிட்டால் செலவு குறையுமே” என்பது ஒரு கட்சி. சேர்த்துவிட்டால் ஆபீஸ் ஒன்று குறையும், வாஸ்தவந்தான். ஆனால் தண்ணீர்க் குழாய் ஓர் அடிகூடக் குறையாது. கொள்ளிடத்திலிருந்து வெகுதூரம் குழாய் வழியே நீர் கொண்டுவர வேண்டிய கரையில், குழாயின் கடைசி முனை எந்த ஆபீஸின் கீழ் இருந்தாலும் கடைசி முனைதான். குறைவது அந்தக் கடைசி முனையிலிருப்பவனுடைய குரலே. பெரிய ஊரின் சபையில் அவனுக்கு ஒரு ஸ்தானம் கிடைத்தால் அது பெரிது. எட்டு ஸ்தானங்களும் தன் ஊராருடையதாயிருந்த இடத்திலிருந்து, இருபதில் ஒன்றுக்கு இறங்குவதை ‘சிக்கனம்’ என்று பெயரிட்டு அழைப்பது சொற்களுக்குச் செய்யும் துரோகமாகும்.

“உத்தியோகஸ்தர்கள் கைக்கு விட்டுவிட்டால் காரியம் ஒழுங்காக நடக்கும்” என்பது மற்றொரு கட்சி. இது புதிய வாதமன்று. நம் தேசத்தில் நூற்றைம்பது வருஷங்களாகக் கேட்டுப் பழகிய வாதம். 1882-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி ரிப்பன் பிரபு தம் பிரசித்தமான தீர்மானத்தை வெளியிட்டபோது, ஸ்தல சுயாட்சியின் முதல் நோக்கம் நிர்வாகத்தைச் சீர்ப்படுத்துவதன்று, ஜனங்களுக்கு ராஜ்ய விஷயங்களில் பயிற்சி அளிப்பதே என்ற கருத்தைத் தெளிவாக விளக்கினார். அவருக்குக் கீழிருந்த அதிகாரிகள் பலர் அதை ஏற்கவில்லை. 1884-ம் வருஷத்துச் சென்னை ஸ்தல போர்டுச் சட்டத்தின்கீழ் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் ஏற்பட்டன. ஆனால் வெகுகாலம் கலெக்டரே ஜில்லா போர்டின் தலைவர், நியமன அங்கத்தினர்களே அதிகம். 1920-ம் வருஷத்துச் சட்டங்களின் பின்னரே ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் உரிமை விரிவடைந்தது. ‘நியமனம் வேண்டாம், தேர்தலே வேண்டும்’ என்பது அக்காலத்தில் தேசியவாதிகள் மேடைதோறும் முழங்கிய கோஷம். அந்தக் கோஷத்தை நாம் வெள்ளைக்காரனுக்காக மட்டும் போட்டோமா, நமக்காகப் போட்டோமா என்பதே இன்றைய கேள்வி.

ஏனெனில், சுதந்திர இந்தியாவில் நம் ராஜ்யத்தின் சரித்திரத்தைப் பாருங்கள். 1970-ல் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. அதற்கடுத்த தேர்தல் நடந்தது 1986-ல். 1991-ல் பதவிக்காலம் முடிந்தபின் 1996 வரை தனி அதிகாரிகளின் ஆட்சி. இந்த அவலத்தைத் தடுக்கவே அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி அமுலுக்கு வந்தது. அதன்படி சேர்க்கப்பட்ட 243-இ ஷரத்து, பஞ்சாயத்தின் ஆயுள் ஐந்து வருஷம், அதற்கு மேலில்லை என்றும், அந்த ஐந்து வருஷம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. ‘முடிந்தால் நடத்தலாம்’ என்று அதில் இல்லை. ‘நடத்தி முடிக்க வேண்டும்’ என்றிருக்கிறது. நியாய சாஸ்திரம் படித்தவர்களுக்கு இவ்விரண்டுக்குமுள்ள பேதத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் என்ன நடந்தது? 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை, பழங்குடியினருக்குரிய ஒதுக்கீட்டு விதிகள் சரிவரப் பின்பற்றப்படவில்லை என்ற வழக்கில், ஹைக்கோர்ட்டு ரத்து செய்தது. பிசகைத் திருத்திச் சில மாதங்களில் தேர்தலை நடத்தியிருக்கலாம். அதற்கு 2019 டிசம்பர் வரை ஆயிற்று. சேலம், நாமக்கல், நாகப்பட்டினம் உள்பட 27 ஜில்லாக்களில் அப்பொழுது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ந் தேதி முடிந்தது. அந்தத் தேதிக்குள் மறு தேர்தல் நடத்தப்படவில்லை. மீண்டும் தனி அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். எந்தக் கட்சி ஆட்சியிலிருந்தது என்பதை நாம் இங்கே பிரஸ்தாபிக்கவில்லை. 1991-ம் வருஷத்தையும், 2016-ம் வருஷத்தையும், 2025-ம் வருஷத்தையும் ஒருங்கே நோக்குவோர்க்கு, இது ஒரு கட்சியின் குற்றமன்று, ஆட்சியிலிருக்கும் எந்தக் கட்சிக்கும் உண்டாகும் வியாதி என்பது விளங்கும்.

இந்த வியாதியால் அருகிய ஜனமுள்ள ஊர் எவ்வாறு பாதிக்கப்படுகிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியற்காலம், கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, உப்பளங்கள் அழிந்தன, மின்சாரக் கம்பங்கள் முறிந்து ஊர்கள் பல நாள் இருளில் மூழ்கின. அந்த நாளில் அப்பிரதேசத்தின் ஒரு கிராமத்திலாவது ஜனங்கள் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்துத் தலைவர் பதவியில் இல்லை, அங்கத்தினரும் இல்லை. அவர்களுடைய ஸ்தானங்கள் காலியாகி இரண்டு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. எந்தத் தெருவில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள், எந்தக் குடிசையில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், எந்தக் கிணற்றில் உப்பு நீர் ஏறாது என்பதெல்லாம் பல ஊர்களுக்கு ஒருவராக நியமிக்கப்பட்ட அதிகாரிக்கு எவ்வாறு தெரியும்? அவர் கெட்டிக்காரராகவும் கருணையுள்ளவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் அந்த ஊராருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர்; தம் மேலதிகாரிக்கே பதில் சொல்பவர். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி வந்த கடற்கோளில் நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய ஆபத்து திரும்பத் திரும்ப வரும் கரையில், உள்ளூராட்சி என்பது அலங்காரமன்று, உயிர்க் காவல்.

சிறிய ஊர்களுக்குத் தங்களை ஆளத் திறமை ஏது என்று கேட்போருக்கு, அயல் தேசத்து உதாரணம் இரண்டு சொல்வோம். நார்வே தேசத்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உத்ஸிரா என்றொரு தீவு இருக்கிறது. ஜனத்தொகை சுமார் 200. அது 1924-ல் தனி ஸ்தல ஸ்தாபனமாயிற்று. 1925-ம் வருஷத்துத் தேர்தலில் அவ்வூரார் 12 ஸ்தானங்களில் 11-க்குப் பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆஸா ஹெல்கெசன் என்னும் மருத்துவச்சி அந்நாட்டின் முதல் பெண் மேயரானார். பெரிய பட்டணங்கள் செய்யத் துணியாததை அச்சிறு தீவார் செய்தனர். இன்றும் அத்தீவு தனி ஸ்தாபனமாகவே விளங்குகிறது. அதை எதனோடாவது சேர்த்துவிட்டால் செலவு குறையும் என்று அங்கேயும் சொல்வோர் இருந்திருக்கக்கூடும். ஆனால் அத்தீவு நிலைத்து நிற்கிறது.

மற்றொன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் கரையிலுள்ள ஷார்க் பே. ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணம். குடிகளோ சுமார் ஆயிரம் பேர். நம் பழைய சேலம் ஜில்லாவைவிடப் பெரிய பிரதேசத்தை, நம் ஊர்ச் சந்தையில் ஒருநாள் கூடும் ஜனத்தைவிடக் குறைந்தவர்கள் தங்கள் சபையின் மூலம் ஆண்டுகொள்கிறார்கள். அதன் கடலும் கரையும் 1991 முதல் உலகப் பாரம்பரிய ஸ்தலம். நம் கோடியக்கரையைப் போலவே உலகத்துக்காகக் காக்கப்படுவது. இத்தகைய ஸ்தாபனங்கள் எவ்வாறு பிழைக்கின்றன? ஆஸ்திரேலியாவின் 1995-ம் வருஷத்து நிதியுதவிச் சட்டம் ஒரு விதி செய்திருக்கிறது. பொது மானியத்தில் ஒவ்வொரு ஸ்தாபனத்துக்கும், தலைக்கணக்குப்படி வரவேண்டிய பங்கில் நூற்றுக்கு 30-க்குக் குறையாமல் கொடுத்துவிட வேண்டும். மற்றதை, எந்த ஊரில் வருமானம் குறைந்து செலவு மிகுதியோ அதை அளந்து, யாவரும் ஏறக்குறைய ஒரே தரமான சௌகரியத்தைப் பெறும்படி பங்கிட வேண்டும். சாலைகளுக்குத் தனி மானியம். இதில் மாயம் ஒன்றுமில்லை, கணக்குத்தான். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

ஒரு குறையையும் நாம் மறைக்கப் போவதில்லை. சிறிய ஊரில் கட்சிப் பகையும் ஜாதி ஆதிக்கமும் எளிதில் தலையெடுக்கும். தலைவர் பதவியை ஏலம் போட்டார்கள் என்ற செய்திகள் தேர்தல் காலங்களில் நம் காதில் விழாமலில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். 919, 921-ம் வருஷத்து அக்கல்வெட்டுக்கள் குடவோலை முறையை வகுத்ததோடு, கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்தில் இருக்கலாகாது என்றும் விதித்தன. ஆனால் அச்சபையில் நிலமில்லாதவனுக்கு இடமில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. ஆகவே பழைய பெருமை நமக்குப் போதாது. நியாயமான ஒதுக்கீடும், கண்டிப்பான தணிக்கையும், கணக்கைப் பகிரங்கமாக வாசிக்கும் கிராம சபையும் வேண்டும். குடிசையில் எலி புகுந்ததென்று குடிசையையே கொளுத்துவது மருந்தாகாது. தவறு செய்த தலைவரை ஐந்து வருஷத்தில் ஊரார் இறக்கலாம். தேர்தலே இல்லாத ஆட்சியில் யாரை யார் இறக்குவது?

நாம் கேட்பவை ஐந்து. முதலாவது, பஞ்சாயத்துக்களின் காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே வார்டுப் பிரிவினையும் ஒதுக்கீடும் முடிந்துவிட வேண்டுமென்று சட்டத்திலேயே தேதி குறிக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணமானோர் சட்டசபைக்கு எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது, மானியப் பங்கீட்டில் ஜனத்தொகையோடு விஸ்தீரணம், தூரம், கடல் அபாயம், மலை ஆகியவற்றுக்கும் உரிய மதிப்பு வேண்டும். மூன்றாவது, காட்டு நிலத்துக்கும் சர்க்கார் உப்பளத்துக்கும் வரிக்கு ஈடாக வருஷந்தோறும் ஒரு தொகையை, அவை எந்தப் பஞ்சாயத்து எல்லையில் இருக்கின்றனவோ அதற்கே செலுத்த வேண்டும். நான்காவது, மீன்பிடி பருவத்திலும் திருவிழாக் காலத்திலும் வந்து தங்குவோரை எண்ணி, அக்காலச் செலவுக்குத் தனி மானியம் கொடுக்க வேண்டும். ஐந்தாவது, கிராம சபையின் சம்மதமின்றி எந்தச் சிறு பஞ்சாயத்தையும் பெரிய ஊரோடு இணைக்கலாகாது.

இவற்றால் பெரிய ஊர்களின் பங்கு குறைந்துவிடாதோ என்று ஓமலூரிலும் சங்ககிரியிலும் உள்ள நண்பர்கள் அஞ்ச வேண்டாம். அருகிய ஜனமுள்ள பஞ்சாயத்துக்களில் வசிப்போர் மொத்தத்தில் சிலரேயாதலால், அவர்களுக்கு இரட்டிப்பாகக் கொடுத்தாலும் மற்றவர்களுக்குக் குறைவது சொற்பம். ஒரு பெரிய ஊருக்கு ஒரு தெரு விளக்கு குறையும். ஒரு கோடி ஊருக்குக் குடிநீர் கிடைக்கும். இந்த வியாபாரத்துக்கு உடன்படாதவன் சுயராஜ்யத்தின் அர்த்தத்தை அறியாதவன்.

ஊழியர்களாகிய நம் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்கள் கிராம சபை கூடுவதற்குக் குறிக்கப்பட்டவை. மேடைப் பிரசங்கம் கேட்கப் பத்து மைல் போகும் நாம், நம் ஊர்க் கிராம சபைக்குப் பத்து அடி வைத்துப் போவதில்லை. அடுத்த சபைக்கு ஒவ்வொருவரும் செல்லுங்கள். தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டுமென்றும், மலைக்கும் கரைக்கும் நியாயமான பங்கு வேண்டுமென்றும் தீர்மானம் கொண்டுவந்து, அதைப் பதிவுப் புத்தகத்தில் எழுதச் செய்து, கையெழுத்திட்டுவிட்டுத் திரும்புங்கள். சமவெளியில் உள்ள நூறு கிராமங்கள் கொல்லிமலைக்காகவும் கோடியக்கரைக்காகவும் தீர்மானம் செய்தால், எந்தச் சர்க்காரும் அதைக் குப்பைக் கூடையில் போடத் துணியாது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் வாக்கு. 1930-ல் வேதாரணியத்துக் கரை நமக்கு இட்டது வெறும் உப்பன்று, அச்சமின்மை. அன்று அக்கரைக்கு நம் சேலத்தார் வழிகாட்டினர். நம் நாமக்கல்லார் பாட்டுக் கொடுத்தனர். அந்தப் பாட்டைச் சுதந்திர தினந்தோறும் பாடிவிட்டு, அந்தக் கரையிலுள்ளவன் தன் ஊர்த் தண்ணீர்க் குழாயைப் பற்றித் தானே தீர்மானிக்கும் உரிமையை இழந்து நிற்கையில் நாம் வாளாவிருப்போமாயின், தின்ற உப்பை மறந்தவர்களாவோம்.